அழுக்குச் சட்டை

"ஏம்மா, துவைக்காத துணி வேணும்னுதான் போன்ல சொன்னோம். அதுக்காக இப்படியா?"

கண்டக்டர் அந்தச் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். காலரில் கறுப்பாக அழுக்கு. அக்குளில் வேர்வை காய்ந்து வெள்ளைக் கோடு.

கொண்டுவந்த அம்மாள் அதை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, காற்றுப் புகாமல் முடிச்சுப் போட்டிருந்தாள். "நாத்தம் பஸ்ஸுக்குள்ள பரவக் கூடாதுன்னு கட்டினீங்களாக்கும்" என்றார் கண்டக்டர்.

டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவர் அவர். ஓய்வு பெற்றபின் சம்பளமில்லாமல் இந்த நாய்க் காப்பகத்தின் வாசலில் உட்கார்ந்து, நாய் கேட்டு வருகிறவர்களை அதே கண்ணால் பார்க்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வருகிறவர்களில் பாதிப் பேர் நல்லவர்கள்தான், எந்தப் பாதி என்பதுதான் தெரியாது.

அதனால் அங்கே ஒரு விதி. கேட்ட அன்றே நாயைக் கொடுப்பதில்லை. நாய் யாரோடு இருக்கப் போகிறதோ அவர் போட்டுக் கழற்றிய துணியைச் சில நாள் கூண்டுக்குள் போட்டு வைப்பார்கள். நாய் அதன்மேல் படுத்தால் சரி. சீந்தாவிட்டால் கிடையாது.

"யார் சட்டை இது?"

"என் பையனோடதுங்க."

"அவர் வரலையா?"

"அவனால வர முடியாதுங்க ஐயா."

"ஆமாமா, எல்லாருக்கும் வேலை. நாய்க்கு மட்டும்தான் வேலை இல்ல. எந்த நாய் வேணும்?"

அம்மாள் கடைசிக் கூண்டைக் காட்டினாள். "நேர்ல பாத்ததில்லைங்க. செல்போன் படத்துல பாத்திருக்கேன். இதேதான்."

கண்டக்டருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. அங்கே கிடந்தது மூலை என்கிற நாய். மலைச்சாலை வளைவில் மழையிலும் வெயிலிலும் நகராமல் கிடந்ததைத் தூக்கி வந்திருந்தார்கள். ரோமத்துக்குள் கண்ணாடித் துகள்கள். "பாட்டிலால அடிச்சுத் துரத்தியிருக்கானுங்க" என்று அப்போதே தீர்ப்புச் சொல்லியிருந்தார். வந்த நாளிலிருந்து மூலையை விட்டு எழவில்லை, அதனால் பெயரே மூலை. சோற்றைத் தொடவில்லை. குளுக்கோஸில்தான் உயிர் ஓடியது. இப்படியே போனால் பிழைக்காது என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார்.

"அது சாகக் கிடக்குதும்மா" என்றார்.

"தெரியுங்க. அதான் இதை எடுத்துட்டு வந்தேன்." அம்மாள் தயங்கினாள். "சட்டையை மட்டும் பத்திரமா திருப்பிக் குடுத்துடுங்க ஐயா."

"இதை யாரும்மா திருடப்போறா? நாயே யோசிக்கும்."

"சும்மா இருங்க கண்டக்டரே" என்று அதட்டிச் சட்டையை வாங்கிக்கொண்டாள் டெய்லரம்மா. தன் கடையைத் திறக்குமுன் தினமும் வந்து, நாய்களுக்கு விரிக்கும் துணிகளைத் துவைத்துப் போட்டுப் போகிறவள்.

சட்டை கூண்டுக்குள் விழுந்தது. மூலை தலையைத் தூக்கியது. வயிறு தரையில் இழுபட ஊர்ந்து வந்து முகர்ந்தது. பிறகு சட்டைக் கைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு அழுதது. நாய் அழுமா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

அன்று மாலை சாப்பிட்டது.

டெய்லரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்டக்டர் தொடையைத் தட்டினார். "பிடிச்சேன் பாத்தீங்களா! அது முன்னாடியே தெரிஞ்ச ஆளோட சட்டை. அந்தப் பையன்தான் வளைவுல இறக்கிவிட்டுட்டு ஓடினவன். இப்ப மனசு உறுத்துது, அம்மாவைத் தூது விடறான். வரட்டும், வெச்சுக்கறேன்."

"வெச்சுக்கங்க. நாய் பொழைச்சிருச்சுல்ல, அது போதும்."

நாயைக் கொடுப்பதற்கு முந்தின நாள் டெய்லரம்மா சட்டையை வெளியே உருவினாள். பாவம், அந்த அம்மாள் அவ்வளவு சொல்லிவிட்டுப் போனாள். அழுக்கும் நாய்முடியுமாகவா திருப்பிக் கொடுப்பது? ஊறவைத்து, இரண்டு தரம் சோப்புப் போட்டு, நல்ல வெயிலில் காயவைத்து இஸ்திரி போட்டாள். அறுந்திருந்த பொத்தானைக்கூடத் தைத்தாள்.

அன்றிரவு மூலை கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. காலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. "வீட்டுக்குப் போற குஷி" என்றாள் டெய்லரம்மா.

அம்மாள் நாய்க்குப் புதுக் கழுத்து வாரோடு தனியாக வந்தாள்.

"பையன் இன்னைக்கும் வரலையா?" கண்டக்டர் நாக்கைத் தீட்டி வைத்திருந்தார். "நடு ரோட்டுல நாயை விட்டுட்டுப் போகத் தெரிஞ்சவனுக்கு முகத்தைக் காட்ட வெக்கமாக்கும்!"

அவள் வாயெடுத்தாள். அவர் விட்டால்தானே. "நேர்ல வரச் சொல்லுங்கம்மா. ஏன்டா விட்டுட்டுப் போனேன்னு நாலு வார்த்தை கேக்கணும்."

"காலையிலேயே ஆரம்பிக்காதீங்க" என்று டெய்லரம்மா குறுக்கே வந்து சட்டையை நீட்டினாள். "பாருங்கம்மா, புதுசு மாதிரி ஆக்கிட்டேன்."

அம்மாள் சட்டையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். மடிப்பைப் பிரித்துக் காலரை முகர்ந்தாள். அக்குளை முகர்ந்தாள். பிறகு கூண்டுக் கதவருகே குத்த வைத்து உட்கார்ந்து அதை நாயிடம் நீட்டினாள்.

மூலை ஓடி வந்தது. முகர்ந்தது. அவள் முகத்தை ஒருமுறை பார்த்தது. திரும்பிப் போய் மூலையில் படுத்துக்கொண்டது.

அம்மாள் சட்டையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அவன் வேலை பாத்த ஊர்ல வளத்த நாய்ங்க. அந்த வளைவுல லாரி மோதினப்ப, அவன் கார்ல இதுவும் இருந்துச்சு."

கண்டக்டர் பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் வாசம் இந்த ஒரு சட்டையிலதான்யா மிச்சம் இருந்துச்சு."