டச்சுக் காலத்து நிச்சயதார்த்தம்

"கட்! கட்! தலைவரே, கேமராவைப் பார்க்காதீங்க. பொண்ணு மாப்பிள்ளையைப் பாருங்க!"

டைரக்டர் ரோசி கத்தியதும், ஏரிக்கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த குப்பத்து ஜனம் கொல்லென்று சிரித்தது.

ரோசி எடுக்கும் படம், டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வாழ்ந்த காலத்துக் கதை. துடுப்பை ஓரம் வைத்துவிட்ட கிழட்டுப் படகோட்டி ஒருவன், புருஷனைக் கடலுக்குக் கொடுத்த கிழவி ஒருத்தி, இருவருக்கும் காதல். முழுக்க முழுக்கச் சிரிப்புப் படம். ஒட்டுப்பலகைக் கோட்டைக்கு முன்னால் இன்று அவர்களுடைய நிச்சயதார்த்தக் காட்சி.

படகோட்டியாக நடிப்பவர் கோதண்டம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஜோடி லோகாம்பாள். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர், அவரும் தனிக்கட்டைதான். "நடிக்க உள்ளூர்ல யாராவது இருக்கீங்களா?" என்று ரோசி கேட்ட அன்று முதலில் எழுந்த இரண்டு கைகள் இவர்களுடையவை.

வெற்றிலை பாக்கு மாற்றித் தரும் தலைவர் வேடத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு நடிகர் வந்திருந்தார். கோதண்டம்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

"நிச்சய வெத்தலை குடுக்கறது குப்பத்துத் தலைவர் வேலை, பாப்பா. வேஷக்காரன் குடுத்தா எங்க ஜனம் படத்தைப் பாத்துட்டுக் காறித் துப்பும்."

அப்படித்தான் நிஜத் தலைவர் கங்காதரன் தலைப்பாகையோடு கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார். வந்தவர், காலையிலிருந்து அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ரோசி வானத்தைப் பார்த்தாள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

"வெளிச்சம் போறதுக்குள்ள இது ஓகே ஆகணும். இல்லைன்னா நாளைக்கு சென்னை ஆர்ட்டிஸ்ட்டுகளை வெச்சு எடுத்துக்குவேன். உங்க மூணு பேரையும் தூக்கிடுவேன், ஆமா!"

கோதண்டத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, அப்பிடி சொல்லாத பாப்பா! இந்த ஒரு சீனுக்காகத்தான் நாங்க இத்தினி நாளா..."

லோகாம்பாள் முழங்கையால் அவரை ஒரு இடி இடித்தார். "இத்தினி நாளா வசனத்தை நெட்டுருப் போட்டுகினு கீறாரும்மா. தூக்கத்துல கூட அதான்."

"அவர் தூக்கத்துல பேசறது உனக்கெப்படி லோகாக்கா தெரியும்?" என்று கூட்டத்திலிருந்து முனியம்மா குரல் கொடுக்க, மறுபடி சிரிப்பு அலை.

"ஆக்ஷன்!"

கங்காதரன் தொண்டையைச் செருமினார். "ஊர் ஜனங்களே! படகோட்டி... படகோட்டி... யம்மா, இவன் பேரு இன்னா சொன்ன?"

"கட்! வேலப்பன், தலைவரே! பொண்ணு அஞ்சலை!"

அடுத்த முறை அவர் அஞ்சலையை மாப்பிள்ளை ஆக்கிவிட்டார். அதற்கு அடுத்த முறை, பழக்கதோஷத்தில் கோதண்டம் என்றே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மீன் ஏலம்னா மட்டும் வாய் கிழியுது!" என்றாள் முனியம்மா.

"சும்மா கெட. பேஜார் பண்ணாத!" என்று சீறினார் தலைவர்.

லோகாம்பாள் மெல்ல ரோசியின் பக்கம் வந்தார். "பாப்பா, புதுப் பேரு அவர் வாயில நிக்காது. படத்துலயும் எங்க பேரையே வெச்சிடேன். இன்னா கொறஞ்சிடும்?"

ரோசி மறுபடி வானத்தைப் பார்த்தாள். "சரி. படத்துலயும் நீங்க கோதண்டம், லோகாம்பாள். போதுமா?"

"இன்னொண்ணு," என்றார் கோதண்டம். "ஜனத்தை ஏன் கயிறு கட்டி அப்பால நிக்க வெச்சிருக்கே? ஊர் கூடி சம்மதம் சொல்லாத நிச்சயம் எந்தக் காலத்துல இருந்துச்சி? டச்சுக்காரன் காலத்துலயும் இருந்திருக்காது."

ரோசிக்கு உற்சாகம் பொங்கியது. சம்பளம் இல்லாத துணை நடிகர்கள் இத்தனை பேர்! "கயிறை அவிழ்த்து விடுங்கடா! எல்லாரும் உள்ள வாங்க!"

அவ்வளவுதான். குப்பம் மொத்தமும் கேமராவுக்குள் பாய்ந்தது.

"ஆக்ஷன்!"

இந்த முறை கங்காதரன் பிசகவில்லை. சொந்த ஜனம் சுற்றி நின்றதும் குரலில் மிடுக்கு வந்துவிட்டது.

"நம்ம குப்பத்துக் கோதண்டத்துக்கும் லோகாம்பாளுக்கும் நிச்சயம் பண்றோம். ஊருக்கு சம்மதமா?"

"சம்மதம்!"

எழுந்த சத்தத்தில் ஏரியில் நின்றிருந்த நாரைகள் பறந்தன. தலைவர் கொடுத்த வெற்றிலையைக் கோதண்டம் கண்ணில் ஒற்றிக்கொண்டு லோகாம்பாளின் கையில் வைத்தார். லோகாம்பாளின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"நடிகர்கள்னா இவங்கதான் நடிகர்கள்!" என்று ரோசி உதவியாளரிடம் கிசுகிசுத்தாள். பிறகு துள்ளிக் குதித்தாள். "ஓகே! சூப்பர் ஓகே!"

விசில் பறந்தது. கங்காதரன் எல்லோரிடமும் கை குலுக்கிவிட்டு, லோகாம்பாளிடம் வந்தார். "எப்பிடிக்கா நம்ம நடிப்பு? சரி, வெத்தலையைக் கம்பெனி ஆளுங்ககிட்ட திருப்பிக் குடுத்துடுங்க."

லோகாம்பாள் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இன்னா தலைவரே இது? ஊர் சம்மதம் சொல்லி, உங்க கையால வாங்கின நிச்சய வெத்தலையைத் திருப்பிக் குடுக்கற வழக்கம் நம்ம குப்பத்துல ஏது?"

கங்காதரன் திருதிருவென்று விழித்தார்.

"போன மாசம் இதே வெத்தலையைக் கேட்டு நாங்க ரெண்டு பேரும் உங்க வூட்டு வாசல்ல வந்து நின்னப்போ, 'பேரன் எடுத்த வயசுல கல்யாணம் கேக்குதா?'னு தொரத்தி வுட்டீங்களே!" என்றார் கோதண்டம். "ஆவணியில முகூர்த்தம், தலைவரே." பிறகு ரோசியின் பக்கம் திரும்பினார். "பாப்பா, அதுக்கு மட்டும் கேமரா வேணாம்."