கண்ணாடி இருந்த இடம்

லெனின்கிராதில், படுத்த படுக்கையாகக் கிடந்த ஓவியர் யெவ்கிராஃபின் மங்கிய கண்களுக்கு எதிர்ச் சுவரில் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"அங்க இருந்த கண்ணாடியைக் கழட்டிட்டு என் படத்தை மாட்டிட்டியா, ரிம்மா?"

"ம்."

முழுக் கறுப்பில் அவர் வரைந்த ஒரே படம். மரணத்தைத் தாண்டிய விசுவாசம் அதில் இருப்பதாக அவர் சொல்லும்போதெல்லாம், "கரியைப் பூசிட்டுக் கடவுளைக் காட்டுறாராம்" என்று சிரித்தவள்தான் அவர் மனைவி ரிம்மா.

பக்கத்து வீட்டுத் தைசியா வந்தாள். அந்தக் கறுப்பைப் பார்த்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு விம்மினாள்.

அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. "பாத்தியா? இத்தனை வருஷமா யாருக்கும் புரியல. இவங்க பாத்ததுமே அழுதுட்டாங்க. ஆப்கான் சண்டையிலேருந்து நம்ம பையன் ரோதியோன் வரட்டும், சொல்றேன்."

ரிம்மா தைசியாவைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

அவர் தட்டுத்தடுமாறிச் சுவரைப் பிடித்தபடி எழுந்து போய்ப் படத்தைத் தடவினார். வர்ணம் தட்டுப்படவில்லை. கம்பளிச் சால்வை. அதற்கடியில் சில்லென்ற கண்ணாடி.

சாவு விழுந்த வீட்டில்தான் கண்ணாடியை மூடுவார்கள். அந்தக் குடும்பத்தில் மொத்தமே மூன்று பேர். இரண்டு பேர் இங்கே இருந்தார்கள்.

ரிம்மா திரும்பி வந்தபோது அவர் கட்டிலில் கிடந்தார்.

"படம் அங்கேயே இருக்கட்டும்," என்றார்.