குண்டூசியின் தூக்கம்

கோயில் பீடத்தில் விரிக்கிற துணிக்காக பிலோமியக்கா லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த பஞ்சுத் திண்டில் குத்தி நின்ற குண்டூசிகளைச் சுற்றி நூல்கள் வளைந்து வளைந்து சிலுவையாகிக்கொண்டிருந்தன. நட்டநடுவில் நின்ற குண்டூசிக்கு மட்டும் ஒரு நிமிஷம் நிம்மதி கிடையாது.

“நான் கொஞ்சம் அசந்தாலும் போச்சு. ஆண்டவரோட சிலுவையே அவிழ்ந்துடும்” என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நூல் சுற்றிய மரக்குச்சி ஒன்று உருண்டு வந்து கேட்டது: “நீயாவா இங்கே வந்து நின்னே?”

“இல்லை, பிலோமியக்காதான் குத்தினாங்க.”

“அப்புறம் என்ன? அவங்க பார்த்துக்க மாட்டாங்களா?”

“உனக்கென்ன, ஆடிக்கிட்டே திரியறே. இழுபடுறது நான்தானே!”

ஈஸ்டருக்கு முந்தின நாள் பின்னல் முடிந்தது. “இயேசுவே, உம் கையில் ஒப்படைக்கிறேன்” என்று முணுமுணுத்தபடி அக்கா குண்டூசிகளைப் பிடுங்கத் தொடங்கினாள். நடுக் குண்டூசி திண்டை இறுகப் பற்றிக்கொண்டு அலறியது: “வேண்டாம்க்கா! என்னை எடுத்தா எல்லாம் போயிடும்!”

அக்கா எடுத்துவிட்டாள்.

சிலுவை அப்படியே இருந்தது. ஓர் இழைகூட நகரவில்லை.

மறுநாள் காலை அதே குண்டூசியைத் தோளில் சேலை மடிப்புக்குக் குத்திக்கொண்டு அக்கா பூசைக்குப் போனாள். பீடத்தில் துணியின் லேஸ் ஓரம் ஜன்னல் காற்றுக்குப் படபடவென்று அடித்தது. குண்டூசி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு அக்காவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

பிறந்ததிலிருந்து விறைத்தே நின்ற அது, சேலை மடிப்பைப் பிடித்தபடியே, சாமியார் பிரசங்கத்தை முடிப்பதற்குள் தூங்கிப்போனது.