வாய்க்கால் கோட்டில் கல் இல்லை

புளியமரத்துப் பள்ளிக்கூடத்தில் பவளம் என்ற மைனாதான் டீச்சர். கோடை முற்றிவிட்டது. பூனையிடம் மாட்டாமல் குஞ்சுகள் எங்கே போய்த் தண்ணீர் குடிப்பது என்பதே அவளுக்குக் கவலை.

மண்ணில் கிணறு, தொட்டி, வாய்க்கால் என்று மூன்று கோடுகள் கிழித்தாள். "பூனையை எங்கே பார்த்தீங்களோ, அந்தக் கோட்டுல ஒரு கல்லை வைங்க."

கிணற்றுக் கோட்டில் கற்கள் நீண்டுகொண்டே போயின. தொட்டிக்கும் கொஞ்சம் சேர்ந்தன. வாய்க்கால் கோடு வெறுமையாகக் கிடந்தது.

"வாய்க்காலுக்கே போவோம்!" என்று குஞ்சுகள் கத்தின. பவளமும் கிளம்பச் சிறகை விரித்தாள்.

"டீச்சர், வாய்க்காலுக்கு இதுவரைக்கும் யாரு போயிருக்கா?" என்று கேட்டது மின்னி என்ற குஞ்சு.

ஒருவரும் போனதே இல்லை; அதனால்தான் அந்தக் கோட்டில் கல்லும் இல்லை. பவளம் விரித்த சிறகை மடக்கிக்கொண்டாள். எல்லாரையும் மரத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அவள் மட்டும் பறந்துபோய் வாய்க்கால் கரை வேலமரத்தில் பொழுது சாயும்வரை காத்திருந்தாள்.

திரும்பியதும் குஞ்சுகள் சூழ்ந்துகொண்டன. "பூனை வந்துச்சா டீச்சர்?"

"இன்னிக்கு வரலை."

"நாளைக்கு?"

"தெரியலையே."

"அப்போ நாளைக்கு நானும் வந்து பார்க்கறேன்!" என்றது மின்னி.

"நானும்! நானும்!" என்று மற்றவையும் முண்டியடித்தன. வேலமரத்தில் யாருக்கு எந்தக் கிளை என்று அப்போதே சண்டை தொடங்கிவிட்டது. பவளம் சிரித்தபடியே நடுவில் புகுந்து விலக்கினாள்.