உருளை கொடுத்த வளையம்

ஒரு மனிதரின் குடலில் உருளை என்றொரு கிருமி இருந்தது. பரம சாது. அவர் சாப்பிட்டதில் மிஞ்சியதைத் தின்று காலம் தள்ளியது. அன்று அதற்குத் தலைகால் புரியவில்லை. அவர் விழுங்கிய மாத்திரையில் அக்கம்பக்கத்துக் கிருமிகளெல்லாம் சாக, உருளை மட்டும் பிழைத்துவிட்டது. அதன் உடம்புக்குள் இருந்த ஒரு குட்டி வளையம்தான் காரணம்.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும்போல் இருந்தது. அப்போது கரும்புச்சாற்று ஐஸில் வாலன் என்ற கிருமி வந்திறங்கியது. எந்த ஊர், என்ன வேலை என்றெல்லாம் உருளை கேட்கவில்லை.

“வாங்க வாங்க. மாத்திரையையே வெட்டிப் போடுற வளையம் இது. நீங்களும் ஒண்ணு வச்சுக்குங்க.”

“அப்ப உங்களுக்கு?”

“அதுதாங்க விசேஷம். கொடுத்தா ரெண்டாயிடும்.”

உருளை தன் உடம்பிலிருந்து ஒரு குழாயை நீட்டியது. வாலனுக்குள்ளும் ஒரு வளையம் போய் உட்கார்ந்தது.

சளிக்கென்று அந்த மனிதர் மறுபடியும் அதே மாத்திரையை விழுங்கினார். மிச்சமிருந்த கிருமிகளும் சுருண்டு விழுந்தன. இவை இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல?” உருளை துள்ளியது.

வாலன் சுற்றிலும் பார்த்தது. “இடம் நல்லா விசாலமாயிடுச்சு. இனி வேலையை ஆரம்பிக்கலாம்.”

“என்ன வேலைங்க?”

“இவரைப் படுக்கையில தள்ளுறது.”

உருளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயையோ, மாத்திரை போடுவாரே.”

“போடட்டுமே,” என்றது வாலன். “அதுக்குத்தானே வளையம் கொடுத்தீங்க.”