எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள்

தரையில் கிடந்தபடி அம்மா அரைக்கண்ணால் பார்க்கிறாள். ஜன்னல் வெயில் நாலு வயது மகளின் பாதங்களில் விழுகிறது. இந்த வீட்டில் தண்ணீர்க் குவளையும் சட்டைக் கொக்கியும் கதவின் தாழ்ப்பாளும் அவள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியிருக்கின்றன. எல்லாம் தானே செய்துகொள்கிற பிள்ளை என்று பார்ப்பவர்கள் மெச்சுகிறார்கள். வலிப்பு எப்போது வருமென்று அம்மாவுக்கே தெரியாது; அதனால்தான் வாரம் ஒருமுறை இந்த ஒத்திகை. மகள் அவசரப்படவில்லை. கீழ்த்தட்டிலிருந்து தலையணையை எடுத்து அம்மாவின் தலைக்கடியில் செருகுகிறாள். தோளைப் பிடித்துத் தள்ளுகிறாள். தானும் உடம்பைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தால் போதும், புரட்டிவிடுவாள். கொடுக்கக் கூடாது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கனமாகவே கிடக்கிறாள். மகள் சுவரில் காலை ஊன்றி, முக்கி, மூன்றாம் முறை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிடுகிறாள். நுரை எதுவுமின்றிக் காய்ந்திருக்கும் வாயைத் துணியால் துடைக்கிறாள். தாழ்ப்பாள் விலகும் சத்தம். எதிர்வீட்டுக் கதவைச் சின்னக் கை தட்டுகிறது. தையல்கார அத்தை கழுத்தில் அளவு நாடாவோடு வந்து வாசலில் நிற்கிறாள். “இன்னிக்கு விளையாட்டாடி, நிஜமா?” மகள் கையிலிருக்கும் துணியை நாலாக மடிக்கிறாள். “தெரியாது அத்தை. ரெண்டுக்கும் அம்மா இப்படித்தான் கிடப்பாங்க.”