வால்வுப் பொறுப்பாளர்

கழுத்தில் சாமந்தி மாலை, வாயில் பாதி பேடா. நிற்கத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார் ஜீணாபாய் வசாவா. எதிரே பெயின்டர் கனு குந்தி உட்கார்ந்து, தகரப் பலகையில் அவருடைய பெயரை எழுதிக்கொண்டிருந்தான்.

அங்க்லேஷ்வர் பக்கத்து அந்த ரசாயன ஆலையில் இருபத்திரண்டு வருஷமாக காண்ட்ராக்ட் கூலி அவர். பெர்மனென்ட் ஆகணும் என்று கேட்டுக் கேட்டு, மேனேஜர்கள்தான் மாறிப்போனார்கள். இன்று நான்கு நாள் லீவில் மாமனார் ஊருக்கு நடவுக்குப் போயிருந்தவரை, மேனேஜர் பராக் சாஹேப் ஜீப் அனுப்பியல்லவா கூப்பிட்டிருக்கிறார்!

வழியில் ஓடைக்கரையில் ஒரே கூட்டம். பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். "யாருக்கு என்னப்பா?" என்று கேட்டார். "ஊர்ல ஏதோ சாவு" என்று டிரைவர் நிறுத்தாமல் ஓட்டி, பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து இறக்கினான்.

பலகை மாட்டப்போவது அமிலத் தொட்டியைச் சுற்றியிருக்கும் தடுப்புச் சுவரில். தொட்டி ஒழுகினால் அமிலம் வெளியே ஓடாமல் அந்த இடுப்பளவுச் சுவர் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே தேங்கும் மழைத் தண்ணீரை வடிக்கச் சுவரடியில் ஒரு வால்வு உண்டு. அது நேரே ஓடைக்குப் போகும். வடித்த கையோடு மூட வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு மழைக்கும் யார் போய் நனைவது? மழைக்காலம் முழுக்கத் திறந்தே போட்டுவிடுவது அந்த ஆலையின் வழக்கம்.

"சித்தப்பா, உங்க பேரு ரொம்ப நீளம். பாதியோட நிறுத்திடவா?" என்றான் கனு.

"அடேய், இருபத்திரண்டு வருஷம் காத்துக்கிடந்தது பாதிப் பேருக்கா? வசாவா வரைக்கும் எழுதுடா!"

"பேடா பெட்டியை இந்தப் பக்கம் தள்ளுங்க, அப்பதான் எழுத்து வரும்."

ஜீணாபாய் பலகையைக் குனிந்து பார்த்தார். "தகரம் பழசா இருக்கே சாஹேப்? ஓரமெல்லாம் துரு."

"புதுசு மினுக்கினா கண்ணு படும் ஜீணாபாய்" என்று சிரித்தார் பராக் சாஹேப். இத்தனை நாளும் 'ஏய்' என்று கூப்பிட்ட வாய். "இந்தாங்க, ஆர்டர். இங்க ஒரு கையெழுத்து."

ஐம்பது வயசில் மகளிடம் கற்ற எழுத்து. விரல் வைத்து மெல்லப் படித்தவர் ஓரிடத்தில் நின்றார். "ஜனவரின்னு இருக்கே சாஹேப்? இது ஜூலை ஆச்சே."

"அப்பவே உங்களுக்குக் கொடுத்திருக்கணும். எங்க தப்பு. அதனால ஜனவரியிலேர்ந்தே நீங்க பெர்மனென்ட், நீங்கதான் வால்வுப் பொறுப்பாளர். ஏன், வேணாமா?"

"ஐயோ, வேணாம்பேனா!" அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்க தப்பு என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓரெழுத்தும் விடாமல் கையெழுத்துப் போட்டார்.

கனு பலகையைச் சுவரில் மாட்டிவிட்டு பிரஷைத் துடைத்தான். காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"சாஹேப், முன்வாசல்ல இதுக்கு மேல நிறுத்தி வெக்க முடியாது. ஒரே சத்தம் போடறாங்க."

"என்னைப் பாக்கவா வந்திருக்காங்க?" மாலையைச் சரிசெய்துகொண்டு கேட்டார் ஜீணாபாய்.

"உங்களைப் பாக்கத்தான்."

சொல்லிவிட்டு, பராக் சாஹேப் பலகையின் கடைசி எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் பெயின்ட் ஒட்டவில்லை.

"காஞ்சிடுச்சு. போலீஸை உள்ள விடு."